பட்டன் வரும்போதும் கதை கலையக் கூடாது: ஊடாடும் படம் வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊடாடும் படம், அதாவது கதை எந்த வழியில் போக வேண்டும் என்று நடுநடுவே பார்வையாளரே தேர்ந்தெடுக்கும் படம் ஒன்றை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், திரையை விட்டுவிட்டு அவருடைய முதுகைக் கவனித்துப் பாருங்கள். படம் ஓடும்போது சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தேர்வுக்கான பட்டன்கள் வந்ததும் நிமிர்வார். கை மவுஸைத் தேடும். கண் நடிகரின் முகத்தை விட்டு எழுத்துக்குப் போகும். அழுத்தி முடித்து, மறுபடி சாய்ந்து, கதைக்குள் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். ஒரு படத்தில் இது பத்து முறை நடந்தால் படம் பார்த்த உணர்வே வராது, படிவம் நிரப்பிய களைப்புதான் மிஞ்சும்.

இந்தச் சிக்கல் ஊடாடும் படத்தோடு கூடவே பிறந்தது. 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ராதூஸ் சின்செராவும் அவர் குழுவும் ‘கினோஆட்டோமாட்’ என்ற படத்தைக் காட்டினார்கள். உலகின் முதல் ஊடாடும் திரைப்படம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். இருக்கைக்கு இருக்கை ஒரு பச்சைப் பட்டன், ஒரு சிவப்புப் பட்டன். முக்கியமான கட்டத்தில் படம் நிற்கும், மேடைக்கு ஒருவர் வந்து “அடுத்து என்ன?” என்று கேட்பார், அரங்கம் வாக்களிக்கும். படம் நின்றுபோனது அங்கே குறையாக இல்லை. கூட்டமாக உட்கார்ந்து சத்தம் போட்டு வாக்களிப்பதே ஒரு கொண்டாட்டம். ஆனால் தனியாக, இருட்டில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்க்கிறவருக்கு அந்தக் கூட்டம் இல்லை. அவருக்குப் படம் நின்றால் கதையும் நின்றுவிடும். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பேண்டர்ஸ்னாட்ச்’, ஓட்டத்தை நிறுத்தாமலே பார்வையாளரின் தேர்வைக் கேட்டது. 10 நொடி அவகாசம். அதற்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் படம் தானே ஒரு வழியில் போய்விடும்.

நிறுத்தாமல் கேட்பது பாதி வேலைதான். மீதிப் பாதி எழுத்து மேசையிலேயே நடந்திருக்க வேண்டும்: பட்டன் திரைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கேள்வி பார்வையாளரின் மனதில் வந்திருக்க வேண்டும். “ஐயோ, இவள் இப்போது என்ன செய்வாள்?” என்று அவர் தவிக்கும் நொடியில் பட்டன் வந்தால், அது அவரை வெளியே இழுக்காது, உள்ளே இழுக்கும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான்.

பேசுவதற்கு வசதியாக ஒரு சிறு கதையை வைத்துக்கொள்வோம். இரவு 2 மணி. அகிலாவின் தம்பி நவீன் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்துவிடுகிறான். அழுக்குக் கூடையில் அவன் போட்ட சட்டையில் இரத்தக் கறை. அகிலா அதைக் கையில் பிடித்தபடி குளியலறையில் நிற்கிறாள். விடிந்ததும் ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வரப்போகிறார்.

படி 1: பார்வையாளர் இந்தக் கதையில் யார்?

எழுத ஆரம்பிக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு ஒவ்வொரு தேர்விலும் தடுமாறுகிறார்கள்.

பார்வையாளர் அகிலாவாகவே இருக்கலாம். அப்போது தேர்வுகள் எல்லாம் அவள் கையும் வாயும் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும்: சட்டையை அலசுவது, ஒளிப்பது, தம்பியை எழுப்புவது. அல்லது அவர் அகிலாவின் மனசாட்சியாக இருக்கலாம். சொல்லிப் பார்ப்பார், அவள் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மூன்றாவது, வெளியிலிருந்து தேடுகிறவர். 2015இல் சாம் பார்லோ உருவாக்கிய ‘ஹெர் ஸ்டோரி’ இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அது விளையாட்டாக வெளியானாலும் உள்ளே இருப்பது ஒரு நடிகையின் வீடியோத் துண்டுகள்தான். நீங்கள் ஒரு பழைய காவல்துறைக் கணினியின் முன் உட்கார்ந்து, சொற்களைத் தட்டித் தட்டி விசாரணை வீடியோக்களைத் தேடுகிறீர்கள். கணினியில் தட்டுவதே கதைக்குள் உங்கள் வேலை என்பதால், தட்டும்போது கதையை விட்டு வெளியே வருவதே இல்லை.

மூன்றில் எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். பத்து நிமிடம் அகிலாவாக இருந்தவரிடம் திடீரென்று “போலீஸ் அதிகாரி என்ன கேட்க வேண்டும்?” என்று கேட்டால், அவர் இரண்டு பேருக்கும் வெளியே வந்து பொம்மலாட்டக்காரராகிவிடுவார். மறுபடி அவரை அகிலாவாக்குவது மிகவும் கடினம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம்: யாருக்கு எவ்வளவு தெரியும்? சாதாரணப் படத்தில் பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தால் பதற்றம் கூடும். ஊடாடும் படத்தில் தேர்வு நேரத்தில் அந்த இடைவெளி ஆபத்து. விபத்தில் அடிபட்ட ஒருவரை நவீன் தூக்கிச் சென்றான், அந்த இரத்தம்தான் சட்டையில் இருக்கிறது என்று நாம் முன்பே பார்த்துவிட்டால், அகிலாவின் தவிப்பு நமக்கு வராது. சரியான விடை தெரிந்த பரீட்சையாக அது மாறிவிடும். தேர்வு வரும் நொடியில் பாத்திரத்துக்குத் தெரிந்ததுதான் பார்வையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: முதலில் கிளையே இல்லாமல் எழுதுங்கள்

ஊடாடும் படம் எழுத உட்காருகிறவர்கள் முதல் நாளே மரம் மரமாகப் படம் வரைகிறார்கள். என் ஆலோசனை வேறு. தேர்வே இல்லாத, நேர்க்கோட்டில் போகும் ஒரு கதையாக நான்கைந்து பக்கம் எழுதுங்கள். அதைப் படிக்கும்போது நன்றாக இருக்க வேண்டும். நேர்க்கோட்டில் சலிப்பூட்டும் கதை, கிளை விட்டால் பல வழிகளில் சலிப்பூட்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, பாத்திரத்தின் மனம் இரண்டாகப் பிளக்கும் இடங்களை மட்டும் குறியுங்கள். அகிலாவின் கதையில் அப்படி மூன்று இடங்கள் எனக்குத் தெரிகின்றன: சட்டையை என்ன செய்வது, தம்பியை எழுப்பிக் கேட்பதா, அதிகாரியிடம் உண்மையைச் சொல்வதா. அவள் காபி குடிப்பாளா தேநீர் குடிப்பாளா என்பதில் மனம் பிளப்பதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் தேர்வு லேசாக இருக்கலாம், சொல்லப்போனால் லேசாகத்தான் இருக்க வேண்டும். பேண்டர்ஸ்னாட்சில் முதல் தேர்வு, காலை உணவுக்கு எந்தத் தானியப் பொட்டலம் என்பது. கதைக்கு அது பெரிதில்லை, ஆனால் பார்வையாளரின் கைக்கு அது பயிற்சி. எங்கே பட்டன் வரும், எவ்வளவு நேரம் கிடைக்கும், அழுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் பயமில்லாத இடத்தில் பழகிவிடும். பிறகு உயிர் போகிற தேர்வு வரும்போது கை தானாக வேலை செய்யும், மனம் கதையில் இருக்கும். இந்தப் பழக்கத் தேர்வை முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் வையுங்கள். தாமதித்தால் பார்வையாளர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணப் படம் பார்க்கும் மனநிலைக்குப் போய்விடுவார்.

படி 3: கிளைகளை எண்ணிப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வழி உள்ள 10 தேர்வுகள், எந்தக் கிளையும் இன்னொன்றோடு சேராது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் மட்டும் 1,024. மொத்தத் துண்டுகள் 2,047. ஒரு துண்டு 2 நிமிடம் என்றால் 4,094 நிமிடம், அதாவது 68 மணி நேரத்துக்கும் மேல் படம் எடுக்க வேண்டும். ஒருவர் ஒரு முறை பார்ப்பது அதில் 11 துண்டுகள், வெறும் 22 நிமிடம்.

இப்போது அதே 10 தேர்வுகள், ஆனால் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் இரண்டு வழிகளும் அடுத்த தேர்வில் வந்து சேர்கின்றன. தொடக்கத் துண்டு ஒன்று, தேர்வுக்கு இரண்டாக இருபது, மொத்தம் 21 துண்டுகள், 42 நிமிடம். பார்க்கிறவருக்கு அதே 22 நிமிடம்.

இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாரும் வேலை செய்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் சொன்ன கணக்குப்படி பேண்டர்ஸ்னாட்சில் ஏறத்தாழ 150 நிமிடக் காட்சிகள் 250 துண்டுகளாக இருந்தன. முதல் படம் செய்கிறவருக்கு என் கணக்கு: பார்க்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு, அதிகம் போனால் இரண்டரை மடங்கு. அதைத் தாண்டினால் பணம் தீர்வதற்கு முன் நடிகர்களின் கவனம் தீர்ந்துவிடும்.

வழிகள் மீண்டும் சேர்வதில் ஒரு நேர்மைப் பிரச்சினை இருக்கிறது. கினோஆட்டோமாட்டில் கூட்டம் எப்படி வாக்களித்தாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் வரும், கட்டடம் எரிந்தே தீரும். சின்செரா அதை வேண்டுமென்றே அப்படி அமைத்தார், அதில் ஒரு கருத்தும் இருந்தது. ஆனால் தனியாகப் பார்க்கிறவர் இரண்டாம் முறை வேறு வழியில் போய், “எதை அழுத்தினாலும் இதேதானா!” என்று கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு எந்தத் தேர்வையும் மதிக்க மாட்டார்.

இதற்குத் தீர்வு, நிகழ்ச்சிகளைச் சேரவிட்டு அர்த்தத்தைச் சேரவிடாமல் வைப்பது. அகிலா சட்டையை அலசினாலும் ஒளித்தாலும், காலையில் அதிகாரி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்கத்தான் போகிறார். ஆனால் அலசியிருந்தால், அவர் தலைக்கு மேல் கொடியில் அந்தச் சட்டை ஈரமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒளித்திருந்தால், அகிலாவின் கண் அடிக்கடி அலமாரிப் பக்கம் போகிறது. முழுக் காட்சியின் பெரும்பகுதி ஒன்றே. மாறுவது ஒரு வைட் ஷாட், இரண்டு க்ளோசப், ஒரு வரி வசனம். பார்வையாளருக்கோ, தான் செய்தது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது!

இப்படிப் பழைய தேர்வைப் படம் நினைவில் வைத்துக்கொள்வதற்கு மென்பொருளில் ‘மாறி’ (variable) என்று பெயர். ‘சட்டை: அலசியது / ஒளித்தது’ என்பது ஒரு மாறி. ‘தம்பிக்கு அக்கா மேல் நம்பிக்கை: இருக்கிறது / இல்லை’ என்பது இன்னொன்று. முதல் படத்துக்கு மூன்று மாறி போதும். ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு தடம் வையுங்கள்: அரை நிமிடத்துக்குள் கண்ணில் படும் சின்ன விளைவு ஒன்று, வெகுநேரம் கழித்து, அவர் மறந்தேபோன பிறகு, வந்து நிற்கும் பெரிய விளைவு ஒன்று. முதலாவது “என் பேச்சு எடுபட்டது” என்ற நிம்மதி. இரண்டாவதுதான் அவரை நாற்காலியில் கட்டிப்போடும்.

படி 4: கேமராவைத் தொடும் முன் வாசித்துக் காட்டுங்கள்

கிளைகளை எழுத ட்வைன் என்ற இலவச மென்பொருள் போதும். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கியது, நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். துண்டுகளைப் பெட்டிகளாக வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே போகலாம். மாறிகள் அதிகமானால் இங்க் (ink) போன்ற, கிளைக் கதைகளுக்கான நிரல் மொழிகள் வசதி. சுவரில் ஒட்டும் குறிப்புச் சீட்டுகளும் மோசமில்லை.

அதன் பிறகு ஒரு நண்பரை எதிரில் உட்காரவைத்து, திரைக்கதையை வாய்விட்டு வாசியுங்கள். தேர்வு வரும் இடத்தில் நிறுத்தி, இரண்டு வழிகளையும் சொல்லிவிட்டு, மௌனமாக இருங்கள். எத்தனை நொடியில் பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டென்று பதில் வந்தால் அந்தத் தேர்வில் ஒரு பக்கம் கனம் இல்லை. “ஏதாவது ஒன்று” என்றால் இரண்டு பக்கமும் கனம் இல்லை. “இருங்க, அவன் எழுந்திருக்க மாட்டானே?” என்று திருப்பிக் கேட்டால் மட்டும் அந்தத் தேர்வு உயிரோடு இருக்கிறது. என் முதல் முயற்சியில் 14 தேர்வுகள் எழுதியிருந்தேன். மூன்று பேருக்கு வாசித்துக் காட்டியதும் 5 மிஞ்சின. நீக்கிய ஒன்பதையும் படமாக்கியிருந்தால் ஆகியிருக்கும் நேரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

படி 5: பட்டனில் என்ன எழுதுவது

ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று சொல். வினைச்சொல் கட்டாயம். இரண்டு பட்டன்களும் ஏறத்தாழ ஒரே நீளம். ‘அலசு’, ‘ஒளித்துவை’ என்று இருந்தால் கண் ஒரு பார்வையில் படித்துவிட்டு அகிலாவின் முகத்துக்குத் திரும்பிவிடும். ‘சட்டையில் உள்ள கறையை அலசி ஆதாரத்தை அழித்துவிடு’ என்று எழுதினால், படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். அதோடு ‘ஆதாரம்’ என்ற சொல் நவீன் குற்றவாளி என்று நீங்களே தீர்ப்பு எழுதியதாகவும் ஆகிவிடும்.

பட்டன் சொன்னதும் பாத்திரம் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘கேள்’ என்பதை அழுத்தினால் அகிலா தம்பியை மெதுவாக எழுப்பி “நவீன், என்னடா ஆச்சு?” என்று கேட்பாள் என்றுதான் எதிர்பார்ப்போம். அவள் அவன் கன்னத்தில் அறைந்து எழுப்பினால், “நான் இதைச் சொல்லவில்லையே” என்று பார்வையாளர் அந்த நொடியே அகிலாவை விட்டு விலகிவிடுவார். விளைவு எதிர்பாராததாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். செயல் மட்டும் எதிர்பார்த்தபடி இருக்கட்டும்.

அப்புறம், எதையும் அழுத்தாமல் இருப்பவர். இவரைப் பலர் பிழையாக நினைத்து, ஏதோ ஒரு வழியில் தள்ளிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. நேரம் தீரும்வரை ஒருவர் அழுத்தவில்லை என்றால், அநேகமாக அவரும் அகிலாவைப் போலவே உறைந்து நிற்கிறார். அதையே ஒரு வழியாக எழுதிவிடுங்கள்: அவள் சட்டையைப் பிடித்தபடியே நிற்க, குளியலறை வாசலில் நவீனின் குரல், “அக்கா...?”

படி 6: காத்திருக்கும் ஷாட்

படத்தின் தலையெழுத்து இந்த ஷாட்டில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பட்டன்கள் திரையில் இருக்கும் 10 நொடியும் படம் ஓட வேண்டும். உறைந்த ஃபிரேம் வேண்டாம். இரண்டு நொடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும் வேண்டாம். கண் அதை மூன்றாவது சுற்றில் பிடித்துவிடும். நடிகரிடம் “யோசிப்பதுபோல நில்லுங்கள்” என்றால் வெற்று முகம்தான் கிடைக்கும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அகிலா குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் ஓடுகிறது. கறை மேல் கட்டைவிரலை வைக்கிறாள், எடுக்கிறாள். கதவுப் பக்கம் ஒரு பார்வை. மறுபடி கறை. இந்தச் சின்னச் செயல்கள் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் போகக்கூடியவை. பார்வையாளர் தயங்கும் அதே தாளத்தில் அவளும் தயங்குகிறாள்.

பத்து நொடி என்பது ஒரு தொடக்கம்தான். துப்பாக்கி முனையில் எடுக்கும் தேர்வுக்கு ஐந்து நொடி சரி. நள்ளிரவில் தனியாக எடுக்கும் தேர்வுக்குப் பதினைந்து கூடக் கொடுக்கலாம். அவசரம் கதையில் இல்லாதபோது திரையில் மட்டும் அவசரம் இருந்தால் அது பொய்யாகத் தெரியும்.

ஒருவர் இரண்டாவது நொடியிலேயே அழுத்திவிட்டால் என்ன செய்வது? உடனே வெட்டினால் அகிலாவின் கை பாதி வழியில் இருக்கும்போது காட்சி மாறும், துள்ளலாகத் தெரியும். முழு நேரமும் காத்திருக்க வைத்தால் “அழுத்தியது பதிவாகவில்லையோ” என்று மறுபடி மறுபடி அழுத்துவார். நான் செய்வது: காத்திருக்கும் ஷாட்டுக்குள் மூன்று வெளியேறும் இடங்களைக் குறித்துவைப்பது. விரல் கறையிலிருந்து எழும் இடம் ஒன்று, பார்வை கதவிலிருந்து திரும்பும் இடம் ஒன்று, கடைசி ஃபிரேம் ஒன்று. அழுத்தியதும் அந்தப் பட்டன் மட்டும் மெல்ல ஒளிர்ந்து மற்றது மங்கிவிடும். படம் அடுத்த வெளியேறும் இடத்தில் வெட்டப்படும். அதிகபட்சக் காத்திருப்பு மூன்று நான்கு நொடி, அதுவும் ஒரு செயலின் முடிவில்.

படப்பிடிப்பில் ஒரு கறார் விதி: காத்திருக்கும் ஷாட்டும், அதிலிருந்து பிரியும் கிளைகளின் முதல் ஷாட்டுகளும் ஒரே அமர்வில், ஒரே லென்ஸில், லைட்டை நகர்த்தாமல் எடுக்கப்பட வேண்டும். மதிய இடைவேளைக்குப் பிறகு எடுத்தால் நடிகரின் தலைமுடியே காட்டிக்கொடுத்துவிடும். கிளாப் போர்டில் 14அ, 14ஆ, 14இ என்று கிளையோடு சேர்த்து எழுதுங்கள். கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் பார்க்கிறவருக்கு வழக்கமான குறிப்பேடு போதாது. காட்சி எண்ணுக்குப் பக்கத்தில் ‘எந்த மாறி, எந்த நிலை’ என்ற பத்தி வேண்டும். சட்டை ஈரமா, அகிலாவின் கையில் சோப்பு நுரை இருக்கிறதா, நவீன் அக்காவைப் பார்த்துப் பேசுகிறானா தரையைப் பார்த்தா என்பதெல்லாம் அந்தப் பத்தியில் இருக்க வேண்டும்.

நடிகர்களை மறந்துவிடாதீர்கள். ஒரே நாளில் ஒரே வரியை, தம்பியை நம்பும் அக்காவாகவும் நம்பாத அக்காவாகவும் சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அதுவரை அந்த வழியில் நடந்ததை நான்கு வரியில் எழுதிய ஒரு அட்டையைக் கையில் கொடுங்கள். இயக்குநர் விளக்கும் பத்து நிமிடத்தைவிட அந்த நான்கு வரி நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: ஒலிதான் ஒட்டவைக்கும்

படத்தில் ஒரு வெட்டு துள்ளினால் கண் மன்னித்துவிடும். ஒலி துள்ளினால் காது மன்னிக்காது. காத்திருக்கும் ஷாட்டின் கடைசி நொடியிலும், எல்லாக் கிளைகளின் முதல் நொடியிலும் அதே தண்ணீர்ச் சத்தம், அதே அறை ஒலி, அதே அளவில் இருக்க வேண்டும். இதற்காகப் படப்பிடிப்பு இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடமாவது வெறும் அறை ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இசையை வீடியோவோடு ஒட்டாமல் தனி அடுக்காக ஓட்ட முடிந்தால் இன்னும் நல்லது. தேர்வு நேரத்தில் ஒரு நீண்ட சுரம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்க, அழுத்தியபின் இரண்டில் எந்த இசை வந்தாலும் அதிலிருந்து எழும்படி ஒரே சுருதியில் அமைக்கலாம். இசை விடாமல் போய்க்கொண்டிருந்தால், கதை விட்டுப்போனதாகப் பார்வையாளருக்குத் தோன்றாது. பட்டனுக்கு ‘டிங்’ என்ற சத்தம் வைக்க ஆசை வரும். வேண்டாம். அது கைபேசியின் சத்தம், அகிலாவின் வீட்டில் அப்படி ஒரு சத்தம் கிடையாது.

படி 8: திரையில் எங்கே, எப்படி

பட்டன்கள் முகத்தை மறைக்காமல் திரையின் கீழ்ப்பகுதியில். அதனால் காத்திருக்கும் ஷாட்டை எடுக்கும்போதே ஃபிரேமின் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டு எடுக்க வேண்டும். எண்கள் இறங்கும் கடிகாரத்தைவிட, மெல்லச் சுருங்கும் ஒரு கோடு போதும். எண்ணைப் பார்த்தால் மனம் எண்ணத் தொடங்கிவிடும். கைபேசியில் இரண்டு கட்டைவிரலும் எட்டும் தூரத்தில் பட்டன்கள் இருக்கட்டும். சப்டைட்டிலும் பட்டனும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் பாருங்கள். சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், எல்லாருக்கும் அந்த வேறுபாடு தெரிவதில்லை. மெதுவாகப் படிக்கிறவர்கள், கை வேகமாக இயங்காதவர்கள் ஆகியோருக்காக அவகாசத்தை நீட்டிக்கும் ஒரு அமைப்பு தொடக்கத் திரையிலேயே இருக்க வேண்டும். அவர்களும் இந்தக் கதைக்குள் வர வேண்டியவர்கள்தான்.

படி 9: சுழலும் வட்டம் வரக் கூடாது

இவ்வளவு உழைத்தபின், அழுத்தியதும் திரை கறுத்து ஒரு வட்டம் சுழன்றால் எல்லாம் வீண். இதைத் தவிர்க்க, தேர்வு திரைக்கு வரும்போதே எல்லாக் கிளைகளின் முதல் சில நொடிகளும் பின்னணியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இணையதளத்தில் செய்வதானால் எளிய முறை: ஒன்றின் மேல் ஒன்றாக வீடியோ பிளேயர்களை வைத்து, ஒன்று ஓடும்போது மற்றவை அடுத்த துண்டுகளை ஏற்றிவைத்துக் காத்திருக்கும், நேரம் வந்ததும் எது முன்னால் தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றுவது. ஒவ்வொரு துண்டும் கீஃப்ரேமில் (முழுப் படமாகச் சேமிக்கப்படும் ஃபிரேமில்) தொடங்கும்படி ஏற்றுமதி செய்யுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபிரேம் வேகம், ஒரே நிற அமைப்பு, ஒரே ஒலி அளவு. பார்வையாளர் ஒருமுறையாவது சொடுக்காமல் பெரும்பாலான பிரவுசர்கள் சத்தத்தோடு வீடியோவை ஓடவிடாது, ஆகவே முதலில் ஒரு ‘தொடங்கு’ பட்டன் தேவை. பழக்கத் தேர்வுக்கும் முந்தைய பழக்கமாக அது பயன்படும்.

யூடியூபில் முடிவுத் திரை இணைப்புகளை வைத்துச் செய்யலாமே என்று கேட்பார்கள். அந்த இணைப்புகள் வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள்தான் வைக்க முடியும். அழுத்தினால் புது வீடியோ புதிதாக ஏறும், நடுவில் விளம்பரம் வரலாம். முன்பு என்ன தேர்ந்தெடுத்தார் என்பதும் நினைவில் இருக்காது. கிளை அமைப்பைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம், இறுதிப் படத்துக்குப் பொருந்தாது.

படி 10: முடிவுகளும் திரும்பிப் போவதும்

‘தவறான தேர்வு, மறுபடி முயல்க’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அப்படிச் சொன்ன நொடியில் கதை புதிராகிவிடும், அதன்பின் பார்வையாளர் அகிலாவுக்காகத் தவிக்க மாட்டார், சரியான விடையைத் தேடுவார். எந்த முடிவாக இருந்தாலும் அது ஒரு முழுக் கதையின் முடிவாக, அதற்குரிய கனத்தோடு இருக்க வேண்டும். கேவலமான ஒரு முடிவைக் கிளையின் ஓரத்தில் ஒப்புக்கு ஒட்டுவதைவிட அந்தக் கிளையையே வெட்டிவிடலாம்.

‘7 முடிவுகள்!’ என்று முன்கூட்டியே விளம்பரம் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. எந்தத் தேர்வு எங்கே போகும் என்று காட்டும் கதை வரைபடத்தை, முதல் முடிவைப் பார்த்தவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். திரும்பிப் போகிறவர் பார்த்த காட்சியையே மறுபடி பார்க்க வேண்டியிருந்தால், தாண்டிப்போக வழி கொடுங்கள்.

படி 11: முதுகைப் பார்த்துச் சோதியுங்கள்

ஆறேழு பேர் போதும், ஆனால் ஒவ்வொருவராக. பக்கவாட்டில் உட்கார்ந்து, பேசாமல் குறிப்பெடுங்கள். எப்போது நிமிர்கிறார், கண் எப்போது அந்தச் சுருங்கும் கோட்டுக்குப் போகிறது, அழுத்தியபின் எத்தனை நொடியில் தோள் தளர்கிறது. முடிந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேளுங்கள். “முதலில் ஒரு ஆப்ஷன் வந்தது, நான் அலசு போட்டேன்” என்று சொல்கிறவர் வெளியே நின்று பார்த்திருக்கிறார். “சட்டையை அலசிட்டேன், ஆனா கறை முழுசா போகலை” என்று சொல்கிறவர் உள்ளே இருந்திருக்கிறார்.

எல்லாரும் ஒரே பட்டனை அழுத்தினால் பட்டனைத் திருத்தாதீர்கள், அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தைத் திருத்துங்கள். எங்கள் சோதனையில் ஏழு பேரில் ஆறு பேர் சட்டையை ஒளித்தார்கள். தம்பியின் முகத்தைக் காட்டாமலே அகிலாவைக் குளியலறைக்கு அனுப்பியிருந்தோம், அவன்மேல் யாருக்கும் பாசமே வரவில்லை. அவன் தூங்கும்போது அவள் போர்வையை இழுத்துவிடும் ஆறு நொடி ஷாட் ஒன்றைச் சேர்த்தோம். அடுத்த முறை வந்தவர்களில் பாதிப் பேர் குழாயைத் திறந்து அலசினார்கள், ஒருவர் எதையும் அழுத்தவில்லை.

வெளியிடும் முன் கடைசி வேலை ஒன்று: ஒரு பழைய கைபேசியில், வேகம் குறைந்த இணைப்பில், ஒரு கிளை விடாமல் நீங்களே எல்லா வழியிலும் போய்ப் பாருங்கள். இரண்டு நாள் ஆகும். சட்டையை ஒளித்த வழியில் அது கொடியில் தொங்குவதைப் போன்ற பிழைகள் அப்போதுதான் கண்ணில் படும்.